இந்த மலையா, அந்த நகரா?

தவக்காலம் மூன்றாம் ஞாயிறு – யோவான் 4:5-42



இன்றைய நற்செய்தியில் ஒரு கிணறு வருகிறது. அருப்புக்கோட்டை, திருச்சுழிப் பக்கத்து மக்களுக்கு இந்தக் காட்சியை யாரும் விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. உச்சி வெயில். நடந்து களைத்த ஒருவர் கிணற்றடியில் உட்கார்ந்திருக்கிறார். வாளியும் இல்லை, கயிறும் இல்லை. குடத்தோடு ஒரு பெண் வருகிறார். குடிக்கத் தண்ணீர் கேட்டதும் அந்தப் பெண், தருகிறேன் என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை. நீர் யூதர், நான் சமாரியப் பெண், என்னிடம் எப்படித் தண்ணீர் கேட்கலாம் என்கிறார். யார் பாத்திரத்தில் யார் வாய் வைக்கலாம் என்ற சங்கதி நமக்கும் நன்றாகத் தெரிந்த சங்கதிதான்.

இந்தப் பகுதி வரும்போதெல்லாம் நாங்கள் குருக்கள் வாழ்வு தரும் தண்ணீரைப் பற்றிப் பேசுவோம். அந்தப் பெண்ணின் ஐந்து கணவர்களைப் பற்றியும், தேவைக்கு அதிகமாகவே, பேசியிருக்கிறோம். நடுவில் அவர் கேட்ட ஒரு கேள்வியை மட்டும் வேகமாகத் தாண்டிவிடுவோம். எங்கள் முன்னோர் இந்த மலையில் வழிபட்டார்கள், நீங்களோ எருசலேமில்தான் வழிபட வேண்டும் என்கிறீர்கள் என்று அவர் இயேசுவிடம் முறையிடுகிறார். தன் சொந்த வாழ்க்கை வெளியே வந்துவிட்டதே என்ற வெட்கத்தில் பேச்சை மாற்றுகிறார் என்று குருமடத்தில் படித்த நாள்களில் நானும் நினைத்திருந்தேன். இப்போது அப்படி நினைக்கவில்லை. எதிரே இருப்பவர் இறைவாக்கினர் என்று தெரிந்த உடனே, அவருடைய ஊரே தலைமுறை தலைமுறையாகச் சுமந்த வழக்கை அவர் முன்னே எடுத்து வைக்கிறார். கடவுளின் உண்மையான ஆலயம் எந்த இடத்தில்? அன்று பாலஸ்தீனத்தில் இதைவிடக் கனமான கேள்வி அதிகம் இல்லை.

வழக்கின் இரு பக்கத்தையும் கொஞ்சம் கேட்போம்.

அந்தக் கிணற்றடியில் நின்று நிமிர்ந்து பார்த்தால் கெரிசிம் மலை தெரியும். 881 மீட்டர் உயரம். எதிரே ஏபால் மலை. இரண்டுக்கும் நடுவில்தான் பழைய சிக்கேம், இன்றைய நாபுலுஸ். சமாரியர் மோசேயின் ஐந்து நூல்களை மட்டுமே மறைநூலாக ஏற்பவர்கள். அந்த ஐந்து நூல்களில் எருசலேம் என்ற பெயர் எங்குமே இல்லை. தேடிப் பாருங்கள், இல்லை. சிக்கேம் இருக்கிறது. ஆபிரகாம் அங்கே பலிபீடம் கட்டினார், யாக்கோபு அங்கே நிலம் வாங்கினார். ஆகையால் எங்கள் மலையே மூத்தது என்பது அவர்கள் வாதம்.

யூதர்கள் சொன்னது வேறு. இணைச்சட்ட நூலில், கடவுள் தமக்கென்று ஓர் இடத்தைத் தேர்ந்துகொள்வார் என்று திரும்பத் திரும்ப வருகிறது. பிற்பாடு தாவீது எருசலேமைப் பிடித்தார், சாலமோன் ஆலயம் கட்டினார், ஆகவே அந்த இடம் எருசலேம். ஆனால் சமாரியரின் படியில் இதே வசனங்கள், கடவுள் தேர்ந்துகொண்ட இடம் என்று இறந்தகாலத்தில் இருக்கின்றன. எபிரேயத்தில் இதற்கு ஓர் எழுத்துதான் வித்தியாசம். தமிழிலும் பாருங்கள், தேர்ந்துகொள்ளும் இடம், தேர்ந்துகொண்ட இடம். ஒரு சொல்லின் வால் மாறியதில் இரண்டு மக்கள் இனங்கள் பிரிந்து நின்றன.

யார் திருத்தினார்கள்? சமாரியர்தான் தங்கள் வசதிக்குத் திருத்திவிட்டார்கள் என்று நெடுங்காலம் எழுதி வந்தார்கள். இப்போது அறிஞர்கள் அவ்வளவு துணிந்து சொல்வதில்லை. இணைச்சட்டம் 27-ஆம் அதிகாரத்தில், யோர்தானைக் கடந்ததும் ஒரு மலையில் பலிபீடம் கட்டச் சொல்லி மோசே கட்டளையிடுகிறார். நம் விவிலியத்தில் அது ஏபால் மலை, சமாரியர் படியில் கெரிசிம். பிரான்சு நாட்டு லியோன் நகரத்தில் ஒரு பழைய இலத்தீன் கையெழுத்துப் படி இருக்கிறது. கிறிஸ்தவர்கள் எழுதி வைத்த படி. அதிலும் கெரிசிம் என்றே இருக்கிறது. ஆகவே, ஆதியில் இருந்ததே கெரிசிம்தான், பிறகு எதிர்ப்பக்கத்தார் ஏபால் என்று மாற்றியிருக்கலாம் என்று கருதுகிறவர்கள் பலர் இருக்கிறார்கள்.

சரி, மண் என்ன சொல்கிறது? யோசேபஸ் என்ற யூத வரலாற்று ஆசிரியர், கெரிசிம் ஆலயம் மகா அலெக்சாந்தர் காலத்தில், நம் ஊர்க் கணக்கில் நேற்று முளைத்தது என்பது போல எழுதி வைத்தார். 1980-களில் இட்சாக் மாகென் என்ற இஸ்ரயேல் தொல்லியல் அறிஞர் மலை உச்சியைத் தோண்டத் தொடங்கினார். பல ஆண்டுகள் நடந்த வேலை. ஏறத்தாழ நூறு மீட்டருக்கு நூறு மீட்டர் மதில் வளாகம், பலியிட்ட விலங்குகளின் எரிந்த எலும்புகள், நூற்றுக்கணக்கான கல்வெட்டுத் துண்டுகள் எல்லாம் வெளிவந்தன. அவர் கணித்த காலம் கி.மு. 5-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி. அதாவது அலெக்சாந்தருக்கு ஒரு நூறாண்டு முந்தி, நெகேமியா எருசலேமின் மதிலைக் கட்டிய காலத்தை ஒட்டி.

அந்தக் கல்வெட்டுகளில் பலவும் என்ன தெரியுமா? இன்னார் மகன் இன்னார் தனக்காகவும் தன் மனைவி மக்களுக்காகவும் கொடுத்த காணிக்கை, இந்த இடத்தில் கடவுள் திருமுன் நினைவுகூரப்படுவாராக என்கிற மாதிரி வாசகங்கள். நம் கோயில் மின்விசிறியில், குழல்விளக்கில் உபயம் என்று எழுதி வைக்கிறோமே, அதே ஆசை. விளக்கு வெளிச்சத்தைவிட எழுத்துப் பெரிதாக இருக்கிறது என்று நான் சில சமயம் கோபித்துக்கொண்டதுண்டு. கெரிசிம் கல்வெட்டுகளைப் பற்றிப் படித்த பிறகு அந்தக் கோபம் குறைந்துவிட்டது.

கெரிசிம் ஆலயத்தை அழித்தவர்கள் உரோமையர் அல்ல. எருசலேமின் தலைமைக் குருவும் ஆட்சியாளருமான யோவான் இர்க்கான் கி.மு. 110-ஐ ஒட்டிப் படையோடு வந்து இடித்தார். ஒரு கடவுளை வணங்கிய ஒரு கூட்டத்தின் தலைமைக் குரு, அதே கடவுளை வணங்கிய இன்னொரு கூட்டத்தின் ஆலயத்தை இடித்தார். ஆகவே சமாரியப் பெண் கைநீட்டிக் காட்டியது நிற்கிற கோயிலை அல்ல. ஏறக்குறைய 140 ஆண்டாகக் கிடந்த இடிபாட்டை. முன்னோர் வழிபட்டார்கள் என்று இறந்தகாலத்தில் அவர் சொன்னதைக் கவனியுங்கள்.

எருசலேமுக்கும் கெரிசிமுக்கும் வெளியிலும் ஆலயங்கள் இருந்தன. எகிப்தில் நைல் நதியின் எலிபந்தீன் தீவில் யூதப் படைவீரர் குடியிருப்பு ஒன்று தனக்கென்று ஓர் ஆலயம் வைத்திருந்தது. கி.மு. 410-இல் அது இடிக்கப்பட்டது. திரும்பக் கட்ட உதவி கேட்டு அவர்கள் எருசலேம் தலைமைக் குருவுக்கு எழுதினார்கள், பதில் வரவில்லை. மூன்று ஆண்டு கழித்து யூதேயாவின் ஆளுநருக்கு எழுதிய கடிதத்தில் இதையும் சொல்லி வருத்தப்படுகிறார்கள். அதே செய்தியைச் சமாரியா ஆளுநரின் மக்களுக்கும் எழுதியிருக்கிறார்கள். அந்தப் பப்பிரசுத் தாள் நம் கைக்குக் கிடைத்திருக்கிறது. வந்த விண்ணப்பத்துக்குப் பதில் எழுதாமல் கோப்பில் வைக்கும் பழக்கம் எங்களுக்கு அன்றே இருந்திருக்கிறது! பிற்பாடு ஓனியா என்ற எருசலேம் குரு எகிப்தின் லெயோந்தோபொலி பகுதியில், தாலமி பிலமேத்தோர் என்ற அரசனின் அனுமதியோடு இன்னோர் ஆலயம் கட்டினார்.

எருசலேமுக்குள்ளேயும் வழக்கு ஓயவில்லை. சாலமோனின் ஆலயம் கி.மு. 586-இல் அழிந்தது. நாடுகடத்தப்பட்டுத் திரும்பியவர்கள் கட்டியதை ஏரோது விரிவாக்கினார், அது கி.பி. 70-இல் அழிந்தது. ஏரோது எழுப்பிய பெரிய மேடை மட்டும் இன்றும் நிற்கிறது, ஏறத்தாழ 35 ஏக்கர். அதன்மேல் 7-ஆம் நூற்றாண்டின் கடைசியில் முஸ்லிம் மக்கள் கட்டிய பொற்குவிமாடம் இருக்கிறது. திருத்தூயகம் அந்தக் குவிமாடத்துக்கு உள்ளே இருக்கும் பாறைமேல்தான் இருந்தது என்கிறார் லேன் ரிட்மையர் என்ற கட்டடக்கலை அறிஞர். இல்லை, சற்று வடக்கே என்றார் ஆஷர் காஃப்மன் என்ற இயற்பியல் அறிஞர். தெற்கே என்பவரும் உண்டு. மேடையிலேயே இல்லை, கீழே கீகோன் ஊற்றுக்கு மேலே என்றார் அமெரிக்கர் எர்னஸ்ட் மார்ட்டின். அதைத் தொல்லியலார் பெரும்பாலும் ஏற்பதில்லை. மேடையின் மேல் முறையான அகழாய்வு நடந்ததே இல்லை, நடத்தக்கூடிய சூழலும் இல்லை. அளவுநாடா பிடித்து முடிக்கிற விவகாரமாக அது இன்று இல்லை. அந்த மேடையின் பேரால் சிந்திய இரத்தம் போதும்.

ஆனால் ஆலயத்துக்குரியது என்று ஐயமில்லாமல் சொல்லக்கூடிய கல் ஒன்று 1871-இல் கிடைத்தது. கிளெர்மோன் கானோ என்ற பிரெஞ்சு அறிஞர் கண்டெடுத்தார். இப்போது இஸ்தான்புல் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. கிரேக்க எழுத்து. வேற்றினத்தார் இந்தத் தடுப்பைத் தாண்டி உள்ளே வரக்கூடாது, மீறினால் சாவு, அதற்கு அவனே பொறுப்பு என்பது அதன் சாரம். புனித பவுல் எபேசியருக்கு எழுதியபோது, நடுவில் நின்ற சுவரைக் கிறிஸ்து தம் உடலில் தகர்த்தார் என்று சொன்னாரே, இந்தத் தடுப்பு அவர் மனத்தில் இருந்திருக்க வேண்டும் என்று பலர் கருதுகிறார்கள். ஆயிரக்கணக்கான கற்கள் சிதறிப்போன ஆலயத்திலிருந்து முழுதாக நம்மிடம் வந்து சேர்ந்தது, யார் உள்ளே வரக்கூடாது என்று சொன்ன கல்.

யோசேபஸ் எழுதிய ஒரு சம்பவத்தை மட்டும் சொல்லிவிட்டு நற்செய்திக்குத் திரும்புகிறேன். மேலே சொன்ன தாலமி பிலமேத்தோர் அரசன் காலம், கி.மு. 2-ஆம் நூற்றாண்டு. அலெக்சாந்திரியா நகரில் வாழ்ந்த யூதருக்கும் சமாரியருக்கும் இதே வழக்கு மூண்டது. மோசேயின் சட்டப்படி அமைந்தது எருசலேம் ஆலயமா, கெரிசிம் ஆலயமா? அரசன் முன் விசாரணை. தோற்கிற தரப்பின் வழக்காடிகளுக்கு மரண தண்டனை என்று இரு தரப்பும் ஆணையிட்டு ஒத்துக்கொண்டன. யூதர் தரப்பில் அந்திரோனிக்கு. சமாரியர் தரப்பில் சப்பேயு, தெயொதோசியு என்று இருவர். அவர்கள் மரியாதையாக, நீங்களே முதலில் பேசுங்கள் என்று அந்திரோனிக்குவுக்கு வழிவிட்டார்கள். அவர் சட்டத்திலிருந்தும், தலைமைக் குருக்களின் வரிசையிலிருந்தும் சான்று காட்டினார். அரசன் எருசலேமுக்குத் தீர்ப்புச் சொல்லி, சமாரியர் இருவரையும் கொன்றான். அவர்கள் என்ன வாதாடினார்கள் என்று ஒரு வரிகூட நூலில் இல்லை. எருசலேமுக்கு வெளியே ஓனியா ஆலயம் கட்ட அனுமதி கொடுத்தவனும் இதே அரசன்தான் என்பதை நினைத்தால் சிரிப்பதா அழுவதா தெரியவில்லை.

யூதரையும் சமாரியரையும் சொல்லி நாம் கையைக் கழுவிக்கொள்ள முடியாது. கி.பி. 484-இல் சேனோன் என்ற கிறிஸ்தவப் பேரரசர், சமாரியரின் கலகத்தை அடக்கிய கையோடு, அதே கெரிசிம் உச்சியில் எண்கோண வடிவில் ஒரு கோயில் கட்டினார். இறைவனின் தாய் மரியாவின் பெயரில். மாகென் தோண்டிய பழைய ஆலய வளாகம் அந்தக் கோயிலை ஒட்டியும் அதற்கு அடியிலும் கிடந்தது. பிறகு சமாரியர் மீண்டும் கிளர்ந்தபோது யுஸ்தினியான் பேரரசர் அந்த மாதா கோயிலைச் சுற்றி அரண் எழுப்பினார். இறைவன் எந்த மலைக்கும் கட்டுப்பட்டவர் அல்ல என்று இயேசு சொன்ன இடத்துக்கு மேலேயே நாம் போய் அந்த மலையைப் பிடித்துக்கொண்டோம். சமாரியர் இன்றும் சில நூறு பேர் இருக்கிறார்கள். ஒவ்வோர் ஆண்டும் அதே மலையில் பாஸ்கா ஆட்டைப் பலியிடுகிறார்கள்.

இப்போது இயேசு என்ன சொன்னார்? இரண்டும் ஒன்றுதான் அம்மா, எங்கே கும்பிட்டாலும் சாமி ஒன்றுதான் என்று சமாதானமாகச் சொல்லி நழுவவில்லை. மீட்பு யூதரிடமிருந்தே வருகிறது என்று அந்தப் பெண்ணின் முகத்துக்கு நேரே சொன்னார். அந்த அளவில் அந்திரோனிக்குவின் பக்கம்தான் நின்றார். அதோடு, இந்த மலையிலும் அல்ல, எருசலேமிலும் அல்ல, தந்தையை ஆவியிலும் உண்மையிலும் வழிபடும் காலம் வருகிறது, வந்தும்விட்டது என்றார். யோவான் இதை எழுதிய காலத்தில் எருசலேம் ஆலயமும் இடிபாடாகத்தான் கிடந்தது. விளக்கவுரைகள் எல்லாம் இந்த வசனத்தோடு நின்றுவிடும். நான் எழுதிய மறையுரைகளும் அப்படித்தான் நின்றன. நாற்பதாம் வசனத்தை எனக்குக் காட்டிக்கொடுத்தவர் ஒரு மூதாட்டி.

பல ஆண்டுகளுக்கு முன் நான் இருந்த பங்கில் ஒரு கிளைக் கிராமம். ஊர்ப் பெயர் வேண்டாம். கரிசல் காடு, ஒரு கண்மாய், இரண்டு தெரு. இரண்டு தெருவிலும் நம் மக்கள்தான். ஆனால் ஒரு தெருவிலிருந்து மறு தெருவில் பெண் எடுப்பதில்லை, கொடுப்பதில்லை. அதற்குமேல் நான் விளக்க வேண்டியதில்லை. ஓட்டுச் சாய்ப்புக் கோயில் ஒரு ஐப்பசி மழையில் உட்கார்ந்துவிட்டது. புதிதாகக் கட்ட வேண்டும். எங்கே? முதன்முதல் பழைய சாமியார் கோயில் கட்டிய இடத்தில்தான் என்று இரு தெருவும் ஒரே குரலில் சொன்னார்கள். அந்த இடம் கண்மாய்க் கரை வேம்படி என்றது கிழக்குத் தெரு. கமலைக் கிணற்றுக்குப் பக்கம் என்றது மேற்குத் தெரு.

எனக்குப் படிப்பின்மேல் நம்பிக்கை அதிகம். பழைய ஞானஸ்நானப் பதிவேடு, பட்டா, சர்வே வரைபடம் எல்லாம் எடுத்தேன். வேம்படியில் ஆள்விட்டுத் தோண்டினேன். மூன்றடியில் சுண்ணாம்புக் காரையோடு அடித்தளம் வந்துவிட்டது. ஞாயிறு திருப்பலியில் வரைபடத்தைக் கையில் பிடித்துக்கொண்டு, கிழக்குத் தெரு சொன்னதே சரி என்று அறிவித்தேன். நான் சொன்னது தப்பில்லை. இன்றைக்கும் அதைத்தான் சொல்வேன். மேற்குத் தெருவார் சண்டை போடவில்லை. அடுத்த ஞாயிறு வரவில்லை, அவ்வளவுதான்.

கோயில் எழும்பி மந்திரிப்பும் முடிந்து சில மாதம் கழித்து, மேற்குத் தெருவில் ஒரு பாட்டிக்கு நோயில்பூசுதல் கொடுக்கக் கூப்பிட்டார்கள். வீட்டுக்குள் நுழைந்ததும் பேத்தி செம்பில் தண்ணீர் கொண்டுவந்தாள். இப்பத்தான் குடிச்சேம்மா, வேண்டாம் என்றேன். நற்கருணை வாங்கிய பிறகு பாட்டி என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"எடம் அவுக எடந்தான் சாமி. எங்கய்யா சொல்லியிருக்காரு. அதுக்குப் போயி நீங்க அம்புட்டுத் தோண்டியிருக்க வேணாம், என்னையக் கேட்டிருந்தா நானே சொல்லியிருப்பேன்."

எனக்குப் பேச்சு வரவில்லை. பாட்டி விடவில்லை.

"கோயிலு கட்டுன அம்புட்டு நாளும் வண்டிய அந்தத் தெருவுல நிப்பாட்டுனீக, அங்ஙனயே சாப்பிட்டீக. இங்கன ஒரு வா தண்ணி குடிக்கல. இப்பக்கூட வேணாம்னுட்டீக."

உபதேசியார் வீடு கிழக்குத் தெருவில் இருந்தது, அதனால்தான் என்று சொல்ல நினைத்தேன். அது உண்மையும்கூட. சொல்லவில்லை. பேத்தியைக் கூப்பிட்டு அந்தச் செம்பைக் கேட்டு வாங்கினேன். உப்புத் தண்ணீர். பாட்டி பத்து நாளில் இறந்துபோனார்.

அன்று இரவு மேசையில் விவிலியத்தைத் திறந்தபோதுதான் யோவான் நான்காம் அதிகாரம் நாற்பதாம் வசனம் கண்ணில் பட்டது. சமாரியர்கள் வந்து கேட்டுக்கொண்டதால் இயேசு அங்கே இரண்டு நாள் தங்கினார் என்று இருக்கிறது. இரண்டு நாள் என்றால் சமாரியர் வீட்டுப் பாயில் படுக்கை, சமாரியர் அடுப்பில் வெந்த சாப்பாடு, சமாரியர் குடத்துத் தண்ணீர். மீட்பு யூதரிடமிருந்து வருகிறது என்று அவர்களிடம் சொன்ன அதே வாய் அந்தக் குடத்தில் குடித்தது. அவர்களும், அந்த இரண்டு நாளுக்குப் பிறகுதான், இவர் உலகின் மீட்பர் என்று அறிக்கையிட்டார்கள். தீர்ப்பு மட்டும் சொல்லிவிட்டு அவர் கலிலேயாவுக்கு நடையைக் கட்டியிருந்தால் சிக்காரில் என்ன நடந்திருக்கும் என்று எனக்குத் தெரியும். நான் ஒரு முறை செய்து பார்த்தவன்.

அந்தக் கோயில் நான் சொன்ன இடத்தில் நிற்கிறது. கட்டடம் உறுதியாக இருக்கிறது. திருவிழாச் சப்பரம் மட்டும் இன்னும் மேற்குத் தெரு முனைவரை வந்து திரும்பிவிடுகிறது என்று கேள்விப்படுகிறேன். இந்தத் தவக்காலத்தில் அங்கே போய் இரண்டு நாள் இருந்துவர, இப்போதுள்ள பங்குத்தந்தையிடம் கேட்டேன். வாங்க அண்ணே என்று உடனே சொல்லிவிட்டார். தங்குவது மேற்குத் தெருவில். பாட்டியின் பேத்திக்கு இப்போது பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகள் இருக்கிறார்கள். வருகிற வியாழன், வெள்ளி இரண்டு நாளும் அவர் வீட்டில்தான் சாப்பாடு என்று போன் பண்ணிச் சொல்லிவிட்டேன். வெள்ளிக்கிழமை கஞ்சிதான் சாமி, பரவாயில்லையா என்று கேட்டார். அந்த ஊரின் இரண்டு தெருவையும் உங்கள் செபத்தில் நினைத்துக்கொள்ளுங்கள்.